காலிக் கட்டம் பொறுக்காத அக்கா

அரூர் தாலுகா ஆபீஸுக்கு எதிர்த்தாப்புல, புளியமரத்துக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் நடுவுல ஒரு பெட்டிக்கடை இருந்துச்சு. வெத்தலை கிடையாது, பீடி கிடையாது. ஜாதிச் சான்று ஃபாரம், வருமானச் சான்று ஃபாரம், ரெவின்யூ ஸ்டாம்பு, வெள்ளைத்தாள், கோந்து, குண்டூசி, அவ்வளவுதான். அதுக்குள்ள உக்காந்திருந்தவங்களை ஊரே ஃபாரத்தக்கான்னு கூப்பிட்டுச்சு. சொந்தப் பேரு என்னன்னு நான் கேட்டதில்ல. கேட்டிருந்தா ஏதாச்சும் ஒரு பேரைச் சொல்லியிருப்பாங்க, அது நிஜப் பேரா இருக்குமாங்கறது வேற விஷயம்.

அந்த அக்கா நல்லவங்களா கெட்டவங்களான்னு என் பொண்ணு ஒரு தடவை கேட்டா. எனக்குச் சுள்ளுன்னு கோவம் வந்துடுச்சு. அவங்க இல்லைன்னா நான் டிகிரி முடிச்சிருக்க மாட்டேன். அவங்க இல்லைன்னா எங்க வூட்டுல நடந்தது நடந்தும் இருக்காது. இதுல எதைப் பெருசு பண்ணிச் சொல்றதுன்னு எனக்கு இன்னும் தெரியல.

அவங்களுக்கு ஒரே ஒரு நோய். ஃபாரத்துல ஒரு கட்டம் காலியா இருந்தா பொறுக்காது. நம்மகிட்ட ஃபாரத்தை வாங்கினதும் கண்ணு நேரா காலிக் கட்டத்துக்குத்தான் போகும். "இது ஏன் சும்மா கெடக்குது?" "அது நமக்குப் பொருந்தாதுக்கா." "பொருந்தாததுக்கா அச்சடிச்சுக் குடுத்திருக்கான்?" அப்படின்னு பேனாவை உதறுவாங்க. "காலியா விட்டா அதுல எவன் வேணா எதை வேணா எழுதிக்குவான் கண்ணு. நாமளே எழுதிட்டா நம்ம எழுத்து நிக்கும்." இதை எத்தனை தடவை கேட்டிருக்கேன்னு கணக்கே இல்ல.

பாப்பாரப்பட்டிப் பையன் ஒருத்தன், ஊதினா பறந்துடுவான், ஏதோ ஒரு உதவித்தொகைக்கு ஃபாரம் நிரப்ப வந்தான். அதுல 'விளையாட்டுத் திறமை'ன்னு ஒரு கட்டம். அவன் இல்லைன்னான். அக்கா 'கபடி, மாவட்ட அளவில்'னு எழுதிட்டாங்க. உதவித்தொகை கிடைச்சுது. கூடவே காலேஜ்ல கபடி டீம்லயும் இழுத்துப் போட்டுட்டாங்க. முதல் ஆட்டத்துலயே காறை எலும்பு போச்சு. அக்கா ஹார்லிக்ஸ் பாட்டிலோட ஆஸ்பத்திரிக்குப் போயி, அவன் தலைமாட்டுல உக்காந்து, அடிபட்ட மாணவர்களுக்கு மருத்துவ உதவி கேக்குற ஃபாரத்தை நிரப்பினாங்க. அந்தப் பணமும் வந்துச்சு. அந்தப் பையன் அவங்களைத் திட்டவும் முடியாம கும்பிடவும் முடியாம முழிச்சதை நான் பாத்திருக்கேன். அப்ப சிரிச்சேன்.

உதவித்தொகை எங்கெங்க இருக்குன்னு கண்டுபிடிக்கறதுல அவங்களை மிஞ்ச ஆள் கிடையாது. எண்பதுகள்ல எங்க பக்கம் அதையெல்லாம் யாரு வந்து சொல்வா. காலேஜ் நோட்டீஸ் போர்டுல ஒட்டறதுக்குள்ள கடைசித் தேதி முடிஞ்சிருக்கும். அக்கா பழைய பேப்பர் கடையில கட்டுக்கட்டா வாங்கி வந்து ஒவ்வொரு பக்கமா தடவுவாங்க. கடலைப் பொட்டலம் வாங்கினா கடலையை மடியில கொட்டிட்டு முதல்ல காகிதத்தைத்தான் படிப்பாங்க. முன்னாள் ராணுவத்தார் பிள்ளைகளுக்கு, நெசவாளர் பிள்ளைகளுக்கு, கண்பார்வை இல்லாதவங்களுக்குன்னு மூலையில சின்ன எழுத்துல போட்டிருப்பான். அதைக் கத்திரிச்சு ஒரு பிஸ்கட் டின்னுக்குள்ள வெப்பாங்க. யாராச்சும் படிக்கிற பிள்ளை வந்து நின்னா முகத்தைப் பாத்துட்டு டின்னைத் தொறப்பாங்க. நமக்குப் பொருந்தற துண்டைத் தேடுவாங்கன்னு நாம நெனைப்போம். துண்டுக்குப் பொருந்தற மாதிரி நம்மளைத்தான் மாத்துவாங்க.

பேச்சுலயும் அப்படித்தான். ஒரு கேள்விக்கு நாம கொஞ்சம் யோசிச்சா போதும், அந்த இடைவெளியில அவங்க பதில் வந்து உக்காந்துக்கும். அவங்க வூட்டுக்காரரு எங்கன்னு கேட்டவங்களுக்கு எல்லாம் பதில் கிடைச்சுது. ஒருத்தருக்கு மிலிட்டரி, ஒருத்தருக்கு மங்களூர்ல மரக்கடை. எனக்கு மட்டும் வடக்கே ரயில்வேன்னு சொன்னாங்க. "என்னக்கா, அன்னைக்கு மரக்கடைன்னீங்களாமே?" "கேட்டவளுக்கு அன்னைக்கு ஒரு பதில் வேணும், குடுத்தேன்" அப்படின்னு கோந்து பாட்டில் மூடியைத் தேடினாங்க.

எங்க வூடு மொரப்பூர் பக்கத்துல, ஊரை விட்டு ஒரு மைல் தள்ளி, எங்க கொல்லைக் காட்டுல தனியா இருந்துச்சு. அம்மாவும் நானும் ரெண்டு ஆடும். அப்பா நான் பத்தாவது படிக்கறப்ப பெங்களூருக்குக் கட்டட வேலைக்குன்னு போனவரு. லெட்டர் இல்ல, ஆளும் இல்ல. ரெண்டு வருசம் கழிச்சு நான் பிளஸ் டூ-வுல நல்ல மார்க் வாங்கி தர்மபுரி காலேஜ்ல பி.எஸ்சி. இடமும் வாங்கிட்டேன். சேர்றதுக்குக் கையில ஒண்ணும் இல்ல. இந்தப் பக்கம் அம்மாவோட தம்பி, முப்பத்தி நாலு வயசு, செங்கல் சூளை வெச்சிருந்தவரு, என்னைக் கட்டிக்கத் தேதி குறிக்க வந்துட்டுப் போயிட்டாரு. காலேஜா, மாமன் வூடான்னு முடிவாக ஒரு வாரம்தான் இருந்துச்சு. அப்பத்தான் ஃபாரத்தக்கா முன்னாடி போயி நின்னேன்.

டின்னைத் தொறந்தாங்க. சென்னையில ஒரு டிரஸ்ட்டு, மூணு வருசப் படிப்புச் செலவு முழுக்கக் குடுக்கும். துண்டை நான் படிக்கறதுக்குள்ள ஃபாரத்தை விரிச்சு எழுத ஆரம்பிச்சுட்டாங்க.

"உங்கப்பா என்ன தொழில்?"

"தெரியலக்கா. பெங்களூருக்குப் போனவரு வரவே இல்ல."

"எப்ப போனாரு?"

"மாரியம்மன் பண்டிகை முடிஞ்ச மறுநாள்."

எந்த வருசம்னு கேட்டு, பழைய காலண்டரைப் புரட்டி, ஒரு தேதியைக் குறிச்சுக்கிட்டாங்க. "காரணம்?"

"வேலைக்குன்னுதான் போனாரு."

"அது போன காரணம். நான் கேக்கறது செத்த காரணம்."

அப்பத்தான் துண்டை எட்டிப் பாத்தேன். தந்தையை இழந்த ஏழை மாணவிகளுக்குன்னு போட்டிருந்துச்சு. "அக்கா, எங்கப்பா சாகலக்கா."

"தெரியும் கண்ணு. நானும் அவரைச் சாகடிக்கல. காணோம்னு எழுதினா போலீஸ்ல குடுத்த புகாரைக் கேப்பான். குடுத்தியா?"

"இல்லக்கா."

"காலியா விட்டா குப்பையில போடுவான். வேற என்ன எழுதறது, நீயே சொல்லு."

மஞ்சக்காமாலைன்னு அவங்களே எழுதினாங்க. அடுத்த கட்டம் பாதுகாவலர். 'சித்தப்பா'ன்னு போட்டாங்க. எனக்குச் சித்தப்பாவே கிடையாது, ரெண்டு அத்தைதான்னேன். "இனிமே இருக்காரு" அப்படின்னு ஒரு பேரை எழுதி, பேனாவை எடது கைக்கு மாத்திக் கோணலா ஒரு கையெழுத்தும் போட்டுட்டாங்க. தகவல் உண்மைன்னு ஊர்ப் பெரிய மனுசர் ஒருத்தர் கடிதம் குடுக்கணும். அதுக்கும் ஒரு பழைய பஞ்சாயத்து மெம்பரைப் பிடிச்சாங்க. அவருக்கு முதியோர் பென்சன் வாங்கிக் குடுத்ததே அக்காதான். நான் அன்னைக்குத் தடுத்திருக்கணும். செங்கல் சூளையை நெனைச்சேன், வாயை மூடிக்கிட்டேன்.

பணம் வந்துச்சு. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாகிட்ட கவர்மெண்டு உதவின்னு மட்டும் சொன்னேன். கிடைச்ச நாள்லேருந்து எனக்கு நிம்மதி போச்சு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை டிரஸ்ட்டுக்கு நன்றிக் கடிதம் எழுதணும். 'தந்தையின் நிழலை இழந்த எனக்கு'ன்னு அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். காலேஜ்ல ஒரு மேடம் என்னைத் தனியா கூப்பிட்டு, அப்பா எப்படிம்மா தவறினாருன்னு கேட்டாங்க. மஞ்சக்காமாலை மேடம்னேன். கண்ணுல தண்ணியும் வந்துடுச்சு. நிஜமாவே அழுதேன், எதுக்குன்னுதான் தெரியல. பஸ்ல வரும்போது பெங்களூர் வண்டியைப் பாத்தா ஜன்னல் ஓரத்து முகத்தையெல்லாம் தேடிப் பாப்பேன். தீர்த்தமலை கோயிலுக்கு அம்மாவோட போனப்ப, அம்மா அப்பா திரும்பி வரணும்னு வேண்டிக்கிச்சு. நான் பக்கத்துல நின்னு, டிகிரி முடியற வரைக்கும் வரக்கூடாது சாமின்னு வேண்டிக்கிட்டேன். அதை இன்னைக்கு எழுதும்போதும் கூசுது.

ரெண்டாம் வருசம் ஆடி மாசம் அப்பா வந்துட்டாரு.

ஒரு டிரான்சிஸ்டரு, ஒரு சாக்குப் பை. கொஞ்சம் இளைச்சிருந்தாரு. அம்மா ஒரு கேள்வி கேக்கல. சோறு வடிச்சுப் போட்டுச்சு. பூ வாங்கி வெச்சுக்கிச்சு. "பாப்பா காலேஜா படிக்குது?" அப்படின்னு அப்பா என் புத்தகத்தை எல்லாம் எடுத்து எடுத்துப் பாத்தாரு. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு, பயமாவும் இருந்துச்சு. அவரு தலையைத் தடவினப்ப, ஏம்ப்பா இப்ப வந்தீங்கன்னு கேக்கத் தோணுச்சு.

மறுநாளே அரூருக்கு ஓடினேன். "அக்கா, அப்பா வந்துட்டாரு. டிரஸ்ட்டுக்கு எழுதிச் சொல்லிடலாம்."

"சொன்னா முதல்ல எழுதினது பொய்யின்னு ஆயிடும். குடுத்த பணத்தைத் திருப்பிக் கேப்பான். காலேஜுக்கும் எழுதுவான். உன்னை வெளியே அனுப்பிடுவாங்க." கொஞ்ச நேரம் பேனாவால தலையைச் சொறிஞ்சுக்கிட்டு இருந்தாங்க. "வந்தவரு வூட்டோட இருக்கட்டும், ஃபாரத்துக்குள்ள வர வேணாம். வாயைத் தொறக்காத."

ஒரு மாசம் கழிச்சு டிரஸ்ட்டுலேருந்து லெட்டர் வந்துச்சு. ரினிவலுக்கு முன்னாடி ஒரு அம்மா நேர்ல வூட்டுக்கு வந்து பாப்பாங்களாம். தாயாரும் பாதுகாவலரும் கட்டாயம் இருக்கணுமாம். நான் அக்காகிட்ட அந்த லெட்டரை நீட்டினேன். அக்கா படிச்சுட்டு மூஞ்சியெல்லாம் சிரிப்பா நிமிந்தாங்க. "நல்ல நேரத்துலதான் வந்திருக்காரு உங்கப்பா. சித்தப்பாவுக்கு ஆள் இல்லையேன்னு நான் ஒரு வருசமா கவலைப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

அப்படியே என்னோட பஸ் ஏறி எங்க கொல்லைக்கு வந்துட்டாங்க. அம்மாகிட்டயும் அப்பாகிட்டயும் எல்லாத்தையும் அவங்களே சொன்னாங்க. டிரஸ்ட்டு ஆளு வர்ற ஒரு மணி நேரம் அம்மா விதவையாவும் அப்பா சித்தப்பாவாவும் நிக்கணும்னாங்க. நான் ஆட்டுக்கொட்டாய் பக்கம் நின்னுக்கிட்டேன். அம்மா விளக்குமாத்தை எடுத்துச்சு. என்னை அடிக்குமா அக்காவை அடிக்குமான்னு பாத்தா, அதைக் கீழ போட்டுட்டு அப்படியே உக்காந்துடுச்சு. அப்பாதான் மெதுவா கேட்டாரு.

"நான் செத்துட்டனாம்மா?"

"ஃபாரத்துல மட்டும்தாங்க."

"எதுல?"

"மஞ்சக்காமாலைங்க."

"ம்" அப்படின்னாரு. "நம்ம ஊர்ல கீழாநெல்லியா இல்ல."

அம்மா மூணு நாள் என்கூடப் பேசல. நாலாம் நாள் ஆட்டுக்குத் தழை போட்டுக்கிட்டே, என் பக்கம் திரும்பாம, "ஒரு மணி நேரம்தானே" அப்படின்னுச்சு. என் படிப்புக்காக ஒத்துக்கிச்சு, வேற எதுக்கு.

அந்த நாள் காலையில அக்கா முதல் பஸ்லயே வந்துட்டாங்க. கல்யாண போட்டோவுலேருந்து அப்பா முகத்தை மட்டும் அரூர் ஸ்டூடியோவுல பெருசு பண்ணி, சட்டம் போட்டு, ஒரு பிளாஸ்டிக் மாலையும் கொண்டு வந்திருந்தாங்க. சுவத்துல ஆணி அடிச்சுக் குடுத்தது அப்பாதான். அம்மா குங்குமத்தை அழிச்சுச்சு. வளையலைக் கழட்டுச்சு. தாலிக்கயித்தைக் கழட்ட வரல, கை முடிச்சுலயே நின்னுச்சு. அக்கா பின்னாடி போயி முடிச்சை அவுத்து, அதை மஞ்சள் டப்பாவுல போட்டு மூடினாங்க. அப்பா கெணத்து மேட்டுல நின்னு எங்கேயோ பாத்துக்கிட்டு இருந்தாரு.

பதினோரு மணிக்கு கார் வந்துச்சு. டிரஸ்ட்டு அம்மா கைத்தறிப் புடவை, கண்ணாடி, கையில ஃபைல். ரொம்ப நல்ல மாதிரி. வந்ததும் போட்டோவைப் பாத்துக் கும்பிட்டாங்க. அப்புறம் அப்பாவைப் பாத்தாங்க. "நீங்கதான் சித்தப்பாவா? அண்ணன் ஜாடை அப்படியே இருக்கு." அப்பா தலையாட்டினாரு. அக்கா எங்கம்மாவோட தங்கச்சின்னு தன்னையே அறிமுகம் பண்ணிக்கிட்டாங்க.

மார்க் பாத்தாங்க, வரவு செலவு கேட்டாங்க, எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. அப்புறம் அந்தம்மா கண்ணு கொடியில காயற அப்பா சட்டை மேல போச்சு. அங்கேருந்து கயித்துக் கட்டில். அங்கேருந்து அம்மாவோட வெறுங்கழுத்து. குரலைத் தாழ்த்திக்கிட்டு அப்பாவைக் கேட்டாங்க. "நீங்களும் இங்கேயேதான் தங்கறீங்களா?"

"ஆமாங்க."

"உங்களுக்குன்னு குடும்பம் இல்லையா?"

அவங்க என்ன நெனைச்சுக் கேட்டாங்கன்னு எல்லாருக்கும் புரிஞ்சுடுச்சு. புருசன் செத்தவ வூட்டுல கொழுந்தன். அம்மா முகம் செத்துப் போச்சு. கல்யாணம் ஆன நாளா வேற ஒருத்தரை ஏறெடுத்துப் பாக்காத மனுசி, சொந்தப் புருசனோட ஒரு வூட்டுல இருந்ததுக்கு அன்னைக்குத் தலை குனிஞ்சு நின்னுச்சு. எனக்கு எல்லாத்தையும் கொட்டிடலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. காலேஜ் போனாப் போகுது, மாமன் சூளையில மண்ணு சுமந்தாலும் சரின்னு தோணுச்சு. அதுக்குள்ள அக்கா முந்திக்கிட்டாங்க.

"வந்தா இங்கேயேதான் தங்குவாருங்கறாரு. குடும்பமெல்லாம் பெங்களூர்ல இருக்குதுங்க. அண்ணியும் புள்ளையும் என்ன பண்றாங்கன்னு மாசம் ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போவாரு. அந்தச் சட்டை நேத்து வந்தப்ப தொவைச்சதுங்க."

டிரஸ்ட்டு அம்மா முகம் தெளிஞ்சுது. பேனாவை எடுத்தாங்க. "அப்படியா. எத்தனை குழந்தைங்க?"

அக்கா ஒரு எண்ணிக்கை சொல்ல வாயைத் தொறந்தாங்க. அப்பா சொல்லிட்டாரு.

"ஒரு பையனுங்க. ரெண்டு வயசு."

"பேரு?"

அப்பா பேரைச் சொன்னாரு. அது எங்க தாத்தா பேரு, அப்பாவைப் பெத்தவரு பேரு. மூத்த மகனுக்கு வெக்கணும்னு அம்மா பத்து வருசமா சொல்லிக்கிட்டு இருந்த பேரு. எனக்கு அப்புறம் அம்மாவுக்குப் புள்ளை நிக்கல.

டிரஸ்ட்டு அம்மா அதையும் ஃபைல்ல எழுதிக்கிட்டாங்க. அம்மா மோர் டம்ளரை நீட்டிச்சு. கொஞ்சம்கூடச் சிந்தல. அப்பா தரையைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அவருக்கு அன்னைக்குப் பொய் சொல்லத்தான் சொல்லிக் குடுத்திருந்தோம்.

கார் போனதும் அக்காவுக்குத் தலைகால் புரியல. "கையெழுத்துப் போட்டுட்டாங்க கண்ணு. இனிமே கடைசி வருசம் முடியற வரைக்கும் கவலை இல்ல." அப்பா பக்கம் திரும்பி, "புள்ளை, வயசு, பேரு, எல்லாம் எப்படிங்க டக்குனு வந்துச்சு? நானே அவ்வளவு வேகமா எழுத மாட்டேன்" அப்படின்னாங்க. அக்கா ஒவ்வொருத்தர் முகமா பாத்தாங்க. பாத்துக்கிட்டே இருக்கும்போது அவங்க சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமா எறங்குச்சு. ஃபாரம் நிரப்பற புத்தி, புரிஞ்சுக்க ரொம்ப நேரம் ஆகல.

அவசரமா உள்ளே போயி மஞ்சள் டப்பாவைத் தொறந்து தாலியை எடுத்துட்டு வந்தாங்க. "ஒரு மணி நேரம் ஆயிடுச்சு. திரும்புங்க அக்கா, நான் முடிஞ்சு விடறேன்."

அம்மா சுவத்துல இருந்த போட்டோவைப் பாத்துச்சு. கெணத்து மேட்டுப் பக்கம் போன அப்பாவைப் பாத்துச்சு. "வேணாம்மா" அப்படின்னுச்சு. "நீ எழுதினது எழுதினபடியே இருக்கட்டும்."

அக்கா உள்ளங்கையில தாலியை வெச்சுக்கிட்டு நின்னாங்க. டப்பாவுலயே திரும்பப் போட்டு மூடிட்டு, மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பிட்டாங்க. நான் ரோடு வரைக்கும் கூடப் போனேன்.

மூணு வருசப் பணமும் வந்துச்சு. நான் பி.எஸ்சி. முடிச்சேன். அம்மா அதுக்கப்புறம் பொட்டு வெக்கல, பூ வெக்கல, அந்தப் போட்டோவைச் சுவத்துலேருந்து எறக்கவும் இல்ல. அப்பா பெங்களூருக்குத் திரும்பிப் போயி இன்னும் பதினோரு வருசம் உசுரோட இருந்தாரு.